பிரகாசியின் பாத்திரம்

பிரகாசிக்கு ஐந்து மாத வாடகை பாக்கி என்று என் கைக்கருவி சொன்னது. ஒரு மாதம்கூட விடாமல் அவள் வாடகை கட்டியிருக்கிறாள் என்றும் அதே கருவி சொன்னது. இரண்டும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளையும் ஒன்பதாவது மாடிக்குச் சுமந்துபோய் ஒரே வாயால் விளக்குவதற்குத்தான் வீட்டுவசதி ஆணையம் எனக்குச் சம்பளம் கொடுக்கிறது.

லிப்ட் வழக்கம்போல ஏழாவது மாடியில் நின்றுகொண்டு, மேலே போகமாட்டேன் என்றது. ஒரு வீட்டில் எத்தனை தட்டு கழுவுகிறார்கள் என்று எண்ணத் தெரிந்த ஆணையத்துக்கு ஒரு லிப்டை ஒன்பது மாடி ஏற்றத் தெரியவில்லை. மீதி இரண்டு மாடி ஏறுவதற்குள் என் முட்டி என்னைத் திட்டியது, நான் ஆணையத்தைத் திட்டினேன்.

நெடுங்குளம் என்பது ஆற்றங்கரையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களுக்காக நகரத்துக்கு வெளியே கட்டிய முப்பத்திரண்டு அடுக்குமாடிகள். வீடு ஆணையத்துடையது. குடும்ப வருமானம் எவ்வளவோ அதில் ஒரு பங்கு வாடகை. நல்ல ஏற்பாடுதான், குடும்பம் என்றால் யார் என்ற கேள்வி வரும்வரை.

முன்பெல்லாம் அதை ரேஷன் கார்டு சொல்லும். வீட்டை உள்வாடகைக்கு விடுகிறார்கள் என்று புகார்கள் வந்ததும், கார்டை நம்ப வேண்டாம், வாழ்க்கையை நம்புவோம் என்று மேலே யாரோ முடிவெடுத்தார்கள். வாசலுக்கு மேலே ஒன்று, சமையலறையில் ஒன்று என்று வீட்டுக்கு இரண்டு கண்கள் பொருத்தினார்கள். எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும். யார் வருகிறார்கள், யார் தூங்குகிறார்கள், யார் சமைத்ததை யார் சாப்பிடுகிறார்கள், யார் யார் பக்கம் திரும்பிப் பேசுகிறார்கள் என்று பார்த்து, எது குடும்பம் என்று அதுவே தீர்மானிக்கும். பேச்சை ஒட்டுக்கேட்காது, அந்த அளவு நாகரிகம் உண்டு. ஆணையம் அதற்கு வைத்த பெயர் இல்லறிவு. ஜனங்கள் வைத்த பெயர் மாமியார்.

பிரகாசி கதவைத் திறந்தபோதே நோட்டீஸைக் கையில் வைத்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். விடியற்காலை ஐந்து மணிக்கு ஐ.டி. கம்பெனிகளில் தரை துடைக்கப் போய், மதியம் ஒரு மணிக்குத் திரும்புகிறவள். புருஷன் போன இடம் தெரியாது. எட்டு வயதில் ரெபேக்கா என்று ஒரு பெண்.

"மேடம், மாசா மாசம் அஞ்சாந்தேதி கட்டிக்கினு வரேன். ரசீது எல்லாம் கீது. நாப்பத்தஞ்சு நாள்ல வூட்ட காலி பண்ணுன்னு போட்டுக்கீறாங்க. இன்னா மேடம் இது?"

"நீ கட்டினது உன் பழைய குடும்பத்துக்கான வாடகை. மெஷின் கேக்குறது புதுக் குடும்பத்துக்கு."

"புதுக் குடும்பமா? எனக்கே தெரியாம எனக்கு யாரக் கட்டி வெச்சீங்க?"

"நூர்ஜகானை."

பக்கத்து வீட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நூர்ஜகான் சிரித்துவிட்டார். அவர் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறவர். மதியம் இரண்டு மணிக்குப் போனால் இரவு பத்துக்குத் திரும்புவார். புருஷன் இறந்துபோய்த் தனியாக இருக்கிறார், வயது ஐம்பதை நெருங்குகிறது. பிரகாசி நாலரை மணிக்கு வேலைக்குக் கிளம்பும்போது தூங்குகிற பிள்ளையைத் தூக்கி நூர்ஜகான் வீட்டில் போட்டுவிட்டுப் போவாள். அவர் ரெபேக்காவைக் குளிப்பாட்டி, தலை பின்னி, ஸ்கூல் வேனில் ஏற்றுவார். பதிலுக்கு ராத்திரிச் சாப்பாடு பிரகாசி வீட்டில். இது நாலு வருடமாக நடக்கிறது. இதைத்தான் மாமியார் பார்த்துக்கொண்டே இருந்து, ஐந்து மாதத்துக்கு முன்னால் இரண்டு வீட்டையும் ஒரே குடும்பம் என்று எழுதிவிட்டது. நூர்ஜகானின் சம்பளம் பிரகாசியின் சம்பளத்தோடு சேர்ந்தது, வாடகை மூன்று மடங்கானது. சமைக்கிறவர்தான் குடும்பத் தலைவர் என்பது விதி, அதனால் பாக்கி பிரகாசி பெயரில் ஏறியது. ஏறியதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய செய்தி போனது குடும்பத்தில் அதிகம் சம்பாதிக்கிறவர் போனுக்கு. நூர்ஜகான் அதை ஏதோ லோன் விளம்பரம் என்று அழித்திருக்கிறார்.

"அவ்வளவுதானே, வித்தியாசத்தை நான் கட்டிடுறேன் மேடம்," என்றார் நூர்ஜகான்.

"கட்டிடாதீங்க. கட்டினா ஒரே குடும்பம்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. அப்புறம் ஒரு குடும்பத்துக்கு எதுக்கு ரெண்டு வீடுன்னு ஒன்னைப் பிடுங்கிப்பாங்க."

"அப்ப இன்னாதான் மேடம் பண்றது?" பிரகாசியின் குரல் உயர்ந்தது. "இங்கருந்து தொரத்தினா எங்க போவேன்? ஆத்தாங்கரைய இடிச்சிட்டுத்தான இங்க கொண்டாந்து போட்டீங்க?"

வழி இருந்தது. விதி எண் பதினேழு. இரண்டு வீடும் வேறு வேறு என்று நிரூபிக்க, இருபத்தொரு நாள் தொடர்ந்து பிரிந்து வாழ்ந்து காட்ட வேண்டும். ஒருவர் வாசலை ஒருவர் தாண்டக் கூடாது. சாப்பாடு கொடுக்கல் வாங்கல் கூடாது. வராந்தா, படிக்கட்டு, கீழே தண்ணீர்த் தொட்டிவரை கண்கள் உண்டு. அங்கே நின்று பேசிக்கொள்ளலாம், கையிலிருந்து கைக்கு ஒன்றும் மாறக் கூடாது. ஒரே ஒரு தடவை தவறினாலும் மறுபடி முதல் நாளிலிருந்து. முடித்துவிட்டால் பாக்கி, நோட்டீஸ் எல்லாம் ரத்து.

"மூணு வாரம்தானே? இதுல என்ன கஷ்டம்?" என்றேன். அன்றைக்கு எனக்கு இன்னும் பதினோரு வீடு பாக்கியிருந்தது.

பிரகாசி, ஸ்கூல் லீவு என்று உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தாள்.

மண்டல அதிகாரி சந்திரமௌலியிடம் போய்க் கேட்டேன். முன்பு எங்களைப் போன்ற கள அலுவலர்கள் கையில் ஒரு விலக்குப் பொத்தான் இருந்தது. யாரோ ஒருவர் அதைக் காசுக்கு அழுத்தியதால் எல்லோரிடமிருந்தும் பிடுங்கிவிட்டார்கள்.

"சார், ரெண்டு பொம்பளைங்க ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசையா இருக்காங்க. அவ்ளோதான்."

"அதைத்தான் மேடம் மெஷினும் சொல்லுது. ஒத்தாசையா இருந்தா குடும்பம். நீங்களும் நானும் அதை அடிச்சுட்டுக் கையெழுத்து போட்டா நாளைக்கு லஞ்சம்னு எவனாவது எழுதுவான். மெஷின் லஞ்சம் வாங்குச்சுன்னு எவனாவது சொல்ல முடியுமா?"

முடியாது. அதற்கு என்ன கொடுப்பதென்றே யாருக்கும் தெரியாது.

பிரிவு தொடங்கியது. பிரகாசி நாலரை மணிக்குப் பிள்ளையை உள்ளே விட்டு வெளியே பூட்டிக்கொண்டு போனாள். எழுந்து பார்த்து யாருமில்லை என்றால் ரெபேக்கா சுவரைத் தட்டுவாளாம். அந்தப் பக்கத்திலிருந்து நூர்ஜகான் பதிலுக்குத் தட்டுவாராம். எட்டு மணிக்கு வேன்காரர் வந்து பூட்டைத் திறந்து கூட்டிப்போக ஏற்பாடு. சுவரைத் தட்டுவது உணவும் இல்லை, வருகையும் இல்லை என்பதால் மாமியார் அதை எண்ணவில்லை. நூர்ஜகான் ராத்திரி ஸ்கேன் சென்டர் கேன்டீனில் பன்னும் டீயுமாக முடித்துக்கொண்டார். பத்து நாள், பதினைந்து நாள், பதினெட்டு நாள் ஒழுங்காகப் போனது.

பத்தொன்பதாவது நாள் என் கருவி கூவியது. "உணவுப் பரிமாற்றம். பிரிவு முறிந்தது. நாள் எண்ணிக்கை: பூஜ்யம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஏழாவது மாடியிலிருந்து ஏறியதே தெரியவில்லை. நூர்ஜகான் வாசலில் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். நடந்தது இதுதான். பிரிவுக்கு முதல் நாள் பிரகாசி ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் காரக்குழம்பு கொடுத்திருக்கிறாள். பாத்திரம் நூர்ஜகான் வீட்டிலேயே தங்கிவிட்டது. அடுத்தவர் பாத்திரத்தை இத்தனை நாள் வைத்திருப்பது அவருக்குக் கூச்சமாகப் போய், பிரகாசியின் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

"நான் உள்ள போகவே இல்ல மேடம். வாசப்படிக்கு இந்தப் பக்கமே வெச்சுட்டு வந்துட்டேன். பாத்திரத்தைத் திருப்பித் தர்றது குத்தமா?"

"பாத்திரம் குத்தமில்ல. அதுக்குள்ள என்ன இருந்துச்சு?"

"கொஞ்சம் சர்க்கரை."

"சர்க்கரை எதுக்குங்க போட்டீங்க?" நான் கத்தியது மாடி முழுக்கக் கேட்டிருக்கும். "பத்தொன்பது நாள்! இன்னும் ரெண்டே நாள்!"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "வெறும் பாத்திரத்தை எப்படி மேடம் திருப்பித் தர்றது?"

எங்கள் வீட்டிலும் யாருடைய பாத்திரத்தையும் வெறுமனே திருப்பியதில்லை. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கை சர்க்கரை, அதுவுமில்லாவிட்டால் இரண்டு வெற்றிலை. சந்திரமௌலியிடம் இதை விளக்கியபோது அவர் விதிப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். "வெறும் பாத்திரம்னா பொருள். சர்க்கரை இருந்தா உணவு. உணவுன்னா உறவு. தெளிவாத்தானே இருக்கு?"

தெளிவாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

வெளியேற்றத்துக்கு இன்னும் இருபத்து மூன்று நாள். பிரிவுக்கு இருபத்தொரு நாள். தப்புச் செய்ய இடமே இல்லை. அன்றைக்கு ஒரு முடிவெடுத்தேன். இந்த இரண்டு பேரையும் நம்ப முடியாது. நல்ல மனசு உள்ளவர்களை எந்த விதியிலும் நம்ப முடியாது. நடுவில் நானே இருந்துவிடுவது. கள அலுவலரின் பச்சை அட்டையைக் கண்டால் மாமியார் கண்ணை மூடிக்கொள்ளும், எங்களை அது எண்ணாது.

என் ஊழியர் குடியிருப்பு இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளித்தான். காலை ஐந்தரைக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் ரெபேக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளை எழுப்பி, இட்லி கொடுத்து, தலை பின்னி வேனில் ஏற்றினேன். முதல் நாள் நான் போட்ட பின்னலை அவள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நூர்ஜகான் பெரிம்மா டைட்டா போடும்," என்று குறை சொன்னாள். மாலை ஐந்து மணிச் சுற்றில் மறுபடி வருவேன். பிரகாசி சமைத்ததை நூர்ஜகான் வீட்டில் கொண்டுபோய் வைத்து, அவர் கொடுத்து வைத்த சாவி கொண்டு பூட்டிவிட்டு வருவேன். நடுவில் ரெபேக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் லீவு போட்டேன். காரணம் என்ற இடத்தில் "சொந்த வேலை" என்று எழுதினேன்.

முதலில் டீ மட்டும் குடித்தேன். பிறகு, "எத்தினி தடவ ஏறி எறங்கறீங்க, ஒரு வாய் துன்னுட்டுப் போங்கக்கா," என்றாள் பிரகாசி. மேடம் எந்த நாளில் அக்காவானது என்று எனக்கு நினைவில்லை. சாப்பிட்டேன். தினமும் ஆபீஸ் முடிந்து வந்து சாப்பிட்டேன். அவள் எதிரே உட்கார்ந்து, அன்றைக்கு எந்த கம்பெனி மேனேஜர் எந்தக் கழிவறையில் போனில் அழுதான் என்று கதை சொல்வாள். நான் ஆணையத்தைத் திட்டுவேன். ரெபேக்கா இருவரையும் திருத்துவாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பதற்கில்லை.

என் வீட்டில் இப்படி இல்லை. என் கணவர் திருவேங்கடம் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஏழு மணிக்கு அவர் போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். ஒன்பது மணிக்கு நான் சாப்பிடுவேன். சண்டை எதுவும் கிடையாது. சண்டைக்கும் இரண்டு பேர் பேச வேண்டும்.

இருபத்தொன்றாவது நாள் மாலை செய்தி வந்தது. பிரிவு ஏற்கப்பட்டது. பாக்கி ரத்து, நோட்டீஸ் ரத்து. பிரகாசி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கு லீவு போட்டிருந்த நூர்ஜகான் அவர் வாசலிலேயே நின்றுகொண்டு, "வரலாமா மேடம்?" என்றார். "மாசத்துக்கு எட்டு தடவைதான், அதுக்கு மேல போனா மறுபடி ஒரே குடும்பம்னு எழுதிடும். எண்ணிக்கிட்டு வாங்க," என்றேன். அவர் எண்ணாமல் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். பிரகாசி எனக்கு நெத்திலிக் குழம்பு ஊற்றிக் கொடுத்தாள், அதே எவர்சில்வர் பாத்திரத்தில். அடியில் புள்ளி புள்ளியாக அவள் பெயர் வெட்டியிருந்தது.

மறுநாள் காலை என் போனில் இரண்டு செய்திகள்.

முதலாவது, "பிரகாசி குடும்பம். உறுப்பினர்கள்: பிரகாசி, ரெபேக்கா, தமயந்தி. குடும்ப வருமானம் தகுதி வரம்பைத் தாண்டியது. நாற்பத்தைந்து நாளில் வீட்டைக் காலி செய்யவும்."

தமயந்தி நான்தான்.

இரண்டாவது என் சொந்தக் குடியிருப்பைப் பற்றியது. ஊழியர்களுக்கும் சம நீதி என்று எங்கள் வீடுகளிலும் கண்கள் உண்டு. "உறுப்பினர்: திருவேங்கடம். தமயந்தி நீக்கப்பட்டார்."

பச்சை அட்டை காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரைதான் செல்லும். நூர்ஜகானுக்கு நான் சாப்பாடு கொண்டுபோனது அந்த நேரத்துக்குள் அடங்கியது, அதற்கு வெளியே நானும் ஒரு ஆள், ஒரு வாய், ஒரு தட்டு. அந்தச் சுற்றறிக்கையைப் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் படித்துக்காட்டுகிறவளே நான்தான். ஊருக்கெல்லாம் விதி சொல்லிவிட்டு என் விதியை மறந்திருக்கிறேன். என்னை நானே எத்தனை திட்டுத் திட்டினேன் என்று சொன்னால் அச்சில் ஏற்ற முடியாது.

சந்திரமௌலி படித்துவிட்டு நெற்றியைச் சொறிந்தார். "எதிர்மனு போடுங்க. அங்க போகாதீங்க. வீட்ல சார்கூட உக்காந்து சாப்பிடுங்க. மூணு வாரம்தானே மேடம்? இதுல என்ன கஷ்டம்?"

அந்த வாக்கியம் எனக்குப் பழக்கமானது.

பிரகாசிக்குப் போனில்தான் சொன்னேன்.

"மூணு பேருன்னு போட்டுக்கீதாக்கா?"

"ஆமா."

"தப்பா ஒன்னும் போடலியே," என்றாள். பிறகு குரல் மாறி, "வூடு போயிடுமாக்கா?" என்றாள்.

"போகாது. நான் வராம இருந்தா போகாது."

வேறு பிளாக்குக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். ரெபேக்காவின் காலை நேரத்துக்கு, அந்த மாடியின் ஆறு வீட்டுக்காரர்களிடமும் போனில் பேசி முறை போட்டுக் கொடுத்தேன். எந்த வீட்டுக்கும் மாதத்தில் எட்டு தடவைக்கு மேல் வராதபடி கணக்கு. முன்பு ஒரு வீடு அவளுக்குச் சொந்த வீடாக இருந்தது. இப்போது ஆறு வீடுகளில் அவள் விருந்தாளி. சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கிறது.

என் வீட்டில் திருவேங்கடத்திடம் விஷயத்தைச் சொல்லி, இனி ஏழரைக்குச் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்றேன். "எத்தனை நாளுக்கு?" என்று கேட்டார். சொன்னேன். தலையாட்டினார். தினமும் ஒழுங்காக வந்து உட்கார்ந்தார், குறை சொல்ல முடியாது. போனைத் தட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொள்வார். நான் பேசிக்கொண்டே இருப்பேன். பிரகாசி வேலைக்குப் போகிற கம்பெனி, ரெபேக்காவின் பின்னல், நூர்ஜகான் போட்ட சர்க்கரை, ஆறு வீட்டு முறை, எல்லாம் சொன்னேன். "ம்" என்பார். ரசம் கேட்பார்.

இருபத்தொன்றாவது நாள் மாலை மறுபடி இரண்டு செய்திகள் வந்தன. பிரகாசி குடும்பத்திலிருந்து நான் நீக்கப்பட்டேன், வெளியேற்றம் ரத்து. மூச்சு விட்டேன். அவள் வீடு தப்பித்தது, அது போதும் என்றுதான் முதலில் நினைத்தேன்.

இரண்டாவதைப் படித்தேன். "தமயந்தி, திருவேங்கடம்: கூட்டு வாழ்வுக்குப் போதிய சான்று இல்லை. தமயந்தி தனிக் குடும்பமாகப் பதிவு செய்யப்படுகிறார். எதிர்மனுவுக்கு முப்பது நாள் அவகாசம்."

இருபத்தொரு நாள் ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறோம். இதற்கு மேல் என்ன சான்று வேண்டுமாம்? மண்டல அலுவலகத்தையே உண்டு இல்லை என்று பண்ணிவிடுவது என்ற ஆத்திரத்தோடு சமையலறைக்குள் போனேன். அங்கே திருவேங்கடம் தண்ணீர் குடிக்க டம்ளர் தேடிக்கொண்டிருந்தார். அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் பாத்திரம் அவர் கையில் இருந்தது. இத்தனை நாளாக அது அங்கேதான் இருக்கிறது. நான் கொண்டுபோக முடியாது, வெறுமனே யாரிடமும் கொடுத்தனுப்ப எனக்கு மனசில்லை.

அவர் பாத்திரத்தைத் திருப்பி அடியில் வெட்டியிருந்த பெயரை எழுத்துக்கூட்டினார்.

"பிரகாசி," என்றார். "யாரு இது?"

நான் அவரைப் பார்த்தேன். பிறகு சமையலறை மூலையில் இருந்த கண்ணைப் பார்த்தேன்.

பாத்திரத்தை அவர் கையிலிருந்து வாங்கித் துடைத்து, ஒரு கை சர்க்கரை போட்டு மூடி வைத்தேன். எதிர்மனு போடவில்லை.